கடலில் ஊறிய கல்யாண ஒயின்

பெல்யெஷாட்ஸ்,
ஜூன் 12

அன்பு மகள் தேஷாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் நலம். உன் அப்பாவும் நலம். நாற்றம் தெரிய மூக்கே இல்லாத மனிதருக்கு என்ன குறை? ஹாம்பர்க் குளிரில் பிடித்த இருமல் விட்டதா? தேன் கலந்து வெந்நீர் குடி.

இங்கே வீடு நாறுகிறது. நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. உன் அண்ணன் பால்தோ போன வாரம் கடலுக்கு அடியிலிருந்து கூண்டுகளைத் தூக்கினான். ஊரில் எல்லோரும் ஒயினை நிலவறைப் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். உன் அண்ணன் மட்டும் புட்டியில் அடைத்து, புட்டியை மண்சாடிக்குள் இறக்கி, சாடியைக் கூண்டில் வைத்து இரண்டு வருஷம் கடலில் போட்டு வைக்கிறான். மேலே வரும்போது சாடி முழுக்கச் சிப்பி, கொட்டலசு, புழு, இன்னும் பெயர் தெரியாத வழவழப்பு. வெயில் பட்டதும் அத்தனையும் செத்து அழுகுகிறது. கழுவக் கூடாதாம், அந்த அசிங்கத்துக்குத்தான் விலையாம். சமையலறை வரை ஈ மொய்க்கிறது. எனக்குச் சோறு இறங்கி நாளாகிறது.

பொறுக்க முடியாமல் நேற்று முன்தினம் கம்பி பிரஷ்ஷும் வினிகருமாக உட்கார்ந்து, கைக்கு எட்டிய சாடிகளையெல்லாம் தேய்த்துப் பளிச்சென்று அடுக்கி வைத்தேன். பால்தோ வந்து பார்த்துவிட்டு, "ஐயோ அம்மா, என் வயித்துல அடிச்சிட்டியே! கழுவுன சாடிய எவன் வாங்குவான்?" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் கத்தியது பெரிதில்லை. உன் அப்பா ஓடி வந்து, "சின்னச் சாடிகளையுமா தேய்ச்சே?" என்று பதறினார். அந்தப் பதற்றம்தான் எனக்கு இடித்தது. சின்னச் சாடிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் கண் நிலவறைப் பக்கம் போனது. நிலவறைக்கு இறங்கிப் பார்த்தேன். உன் பீப்பாய் காலியாக இருந்தது.

ஆமாம் தேஷா, நீ பிறந்த வருஷம் திராட்சையை வைக்கோலில் உலர்த்தி நான் பிழிந்த புரோஷெக்தான். செப்டம்பரில் உன் கல்யாண மேசையில் ஊற்ற வேண்டிய இனிப்பு ஒயின். அதைச் சின்னச் சாடிகளில் கடலில் இறக்கப் பால்தோ கேட்டிருக்கிறான், இவர் நிலவறைச் சாவியைக் கொடுத்திருக்கிறார். "கடல்ல கெடந்தா இன்னும் உசத்தியா வரும்னு பய சொன்னான் பெரினா. புள்ளைக்கு நல்லதா குடுக்கலாமேன்னுதான்..." என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்பனும் மகனும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்.

நேற்று துப்ரோவ்னிக்கிலிருந்து உல்லாசப் படகில் பணக்காரர்கள் வந்தார்கள். பால்தோ அவர்களுக்கு அந்தச் சின்னச் சாடிகளில் ஒன்றைத்தான் உடைத்தான். நானும் ஒரு வாய் வைத்தேன். உப்பு! தக்கை வழியாகக் கடல் உள்ளே போயிருக்கிறது. கருவாடு ஊறிய தண்ணீர், வேறொன்றுமில்லை. நான் துப்பிவிட்டேன். அவர்களோ கண்ணை மூடி வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார்கள். "துப்புங்க, துப்புங்க! கெட்டுப் போச்சு, இது வெறும் கடல் தண்ணி!" என்று அவர்கள் முகத்துக்கு நேரே கத்தினேன். நம் பாஷை அவர்களுக்குத் தெரியாதே. பால்தோ சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள், ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். "இந்த ஒயினுக்குள்ள கடலே இருக்குன்னு எங்கம்மா சொல்றாங்க" என்றானாம். கப்பலில் வேலை பார்த்த உன் அப்பாதான் பிறகு விளக்கினார். உனக்கென்று இருந்ததை ஒரு புட்டி விடாமல் வாங்கிப் போய்விட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பார்த்து அருவருப்படைவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

உப்பென்று தெரிந்தும் உன் அப்பா தன் கோப்பையைத் துப்பாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

கல்யாணத்தை நம் முற்றத்தில் அந்தச் சாடிகளுக்கு நடுவே வைத்து, படகில் வந்த பணக்காரர்களையும் கூப்பிடலாம் என்று பால்தோ உனக்குத் தேனொழுக எழுதுவான். நம்பாதே. இங்கே வராதே, மகளே. கல்யாணத்தை அங்கேயே வை, நான் வருகிறேன். பெண் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வருகிறாளே என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தால் நினைக்கட்டும். கடையில் எதையாவது வாங்கி ஊற்று, நான் சிரித்த முகமாகக் குடிப்பேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். அப்பாவை மட்டும் கல்யாணத்துக்கு நீயே கூப்பிட்டுவிடு. நான் கூப்பிட்டால் அழுதுவிடுவார்.

உன் அம்மா,
பெரினா