மேடையில் சாகிறவனுக்குச் சிவப்பு உறை

ஷாம் ஷுயி போ
ஞாயிறு

அன்பு மகன் லோக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே, குரல் போனால் உன் பிழைப்பே போயிற்று. நீ வில்லன் வீட்டுக்காரனாக நடித்த தொடர் மறுபடி டிவியில் ஓடுகிறது. வாடகை தராத கிழவியை மழையில் வெளியே தள்ளுகிறாயே, அதைப் பார்த்துவிட்டு மீன்கார ஃபோங் அக்கா எனக்கு வாடிய மீனாகப் பொறுக்கிப் போட்டாள். "பெத்து வச்சிருக்க பாரு ஒரு ராட்சசன" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினாள். அடுத்த வாரம் உன் அசட்டுப் போலீஸ்காரன் படம் வந்தது, உடனே ஒரு கை இறால் கூடுதலாகக் கிடைத்தது. சீனப் புத்தாண்டு நாடகத்தில் நீ போட்ட பெண் வேஷத்தையும் அவள்தான் போனில் காட்டினாள். இடுப்பில் கை வைத்து ஊரை அதட்டும் அந்த நடை என்னுடையதுதானே, திருட்டுப் பயலே? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

உன் அப்பா மாறவில்லை. வாத்துக் கடையை விட்டு நீ நடிக்கப் போன நாளிலிருந்து உன் பெயரே அவர் வாயில் வருவதில்லை. "அவன் மூஞ்சியப் பாக்க எனக்கேது நேரம்" என்பார். ஆனால் நீ சமையல்காரனாக வந்த படம் ஓடியபோது, வாத்தை வெட்டிக்கொண்டே "கத்தியப் புடிக்கிற லட்சணமா அது, வெரல்தான் போகும்" என்று முணுமுணுத்தார். பார்க்காத படத்துக் கத்தி எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த படத்துக்குப் போகமாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். புது நாடகத்தில் தினமும் கத்திக்குத்து பட்டுச் சாகிறேன் என்று போனில் சொன்னாயே, சிவப்பு உறை கொடுத்தார்களா என்று கேட்டதற்கு "இங்க யாரும்மா அதெல்லாம் குடுப்பாங்க" என்று சிரித்தாய். நம் ஊரில் பிணமாகப் படுத்த நடிகன் எழுந்ததுமே காசு வைத்த உறையைக் கையில் திணித்துவிடுவார்கள், பீடை அதோடு போய்விடும். நீயோ வெறுங்கையோடு செத்துச் செத்து அறைக்குத் திரும்பியிருக்கிறாய். அப்பாவிடம் சொன்னேன். வெட்டுக்கத்தி பாதியில் நின்றது. வரிசையில் ஆள் நிற்க, கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனவர் லண்டன் காசும் கட்டுக்கட்டாகச் சிவப்பு உறையுமாக வந்தார். எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினார். எனக்கு ஒட்டத் தெரியாதாம், தொடவே விடவில்லை. ஃபோங் அக்கா மகள் அங்கே வருகிறாள், அவளிடம்தான் இந்தக் கடிதமும் உறைகளும். தினமும் செத்து எழுந்ததும் ஒன்றைப் பிரி. அறைக்குப் போகும் முன்பே அந்தக் காசுக்கு மிட்டாயோ பழமோ வாங்கித் தின்றுவிடு, மிச்சம் வைத்து உள்ளே கொண்டுபோகாதே, பீடையும் கூடவே வந்துவிடும்.

நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு கண்ணா. எந்த வேஷத்திலும் நீ எனக்கு அழகுதான். இதை எழுதும்போது அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "அந்த உறையெல்லாம் தீந்ததும் சாகறத நிறுத்திட்டு லோக்க வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

உன் பெயரைச் சொல்லிவிட்டாரடா.

இப்படிக்கு,
உன் அம்மா