இடிக்குப் பிறகும் கேட் தெரிகிறது

இடி ஒன்றைத் தவிர எதற்கும் பயப்படாத என் அப்பாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்கதை கேட்க உங்களுக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. அம்மா நம் கெலிஓயா வீட்டிலேயேதான் இருக்கிறார். இனியும் அங்கேதான் இருப்பார். தம்பி குமார் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். ஜெயித்துவிட்டோம் அப்பா!

எதில் என்று கேட்பீர்கள். ஒரு கெமராவோடு போட்ட சண்டையில். சிரிக்க வேண்டாம், அது சும்மா சண்டை இல்லை. தோற்றிருந்தால் இந்த நேரம் அம்மா கொழும்பில் ஒரு மாடி வீட்டு ஜன்னலில் நின்று, கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் வீட்டுப் படிகளை மறந்திருக்க மாட்டீர்கள். ரோட்டோரத்தில் கேட், பள்ளத்தில் வீடு. நீங்கள் இருந்தவரைக்கும் மேலே யார் கூப்பிட்டாலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள்தான் ஏறிப் போவீர்கள். “நான்தான்” என்று வெளியே ஒரு குரல் வரும். “நான்தான்னா யாரு?” என்று கேட்பீர்கள். பேரைச் சொல்லாமல் யாருக்கும் திறந்ததில்லை. கொட்டுகிற மழையில் ஹொஸ்டலிலிருந்து வந்த குமாரைக்கூடப் பேர் சொல்ல வைத்துத்தானே உள்ளே விட்டீர்கள்? அவன் அதை இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் போன பிறகு அந்த வேலை அம்மாவின் முழங்கால்களுக்கு வந்தது. ஒரு மழை நாளில் தபால்காரரின் பெல்லைக் கேட்டு ஏறப்போய், பாதிப் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு நஸீமா டீச்சர் பார்த்திருக்காவிட்டால் நனைந்தபடி அப்படியே இருந்திருப்பார். எலும்பு முறியவில்லை, முருகன் காப்பாற்றினான். ஆனால் விஷயம் குமாருக்குப் போய்விட்டது. வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கொழும்பிலிருந்து ஒற்றைக்காலில் நின்றான். “அந்தப் பெட்டிக்குள்ள என்னால இருக்க ஏலாது” என்று அம்மா சொன்னதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான்தான் நடுவில் புகுந்தேன். கேட்டில் ஒரு கெமரா, கரண்டில் திறக்கிற ஒரு பூட்டு, சமையலறையில் ஒரு சின்னத் திரை. பெல் அடித்தால் ஆள் திரையில் தெரியும். அம்மா கீழேயிருந்தே பேசலாம், தொட்டால் கேட் திறக்கும். படியேற வேண்டியதில்லை. குமார் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டான். அடுத்த முறை தான் வரும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால் அம்மா அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும்.

ஆரம்பத்தில் அம்மாவுக்கு ராஜயோகம்தான். மீன்காரரை மேலே நிறுத்தி வைத்து, மீனைத் தூக்கிக் காட்டுங்க, செவுளைத் திறந்து காட்டுங்க என்று திரை வழியாகவே விசாரணை நடக்கும். பிடித்தால்தான் கேட் திறக்கும். அவரும் பாவம், கெமராவுக்கு முன்னால் மீனைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்பார்.

அப்புறம் ஒரு நாள் திரை கறுத்துவிட்டது. கெமராவோடு இணைப்பு இல்லை என்றது. வேடிக்கை என்னவென்றால், கண்டியில் என் வீட்டிலிருந்து பார்த்தபோது, என் போனிலிருந்த கெமராவின் செயலியில் கேட் பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் கெமராவுக்கு உயிர் இருக்கிறது, வைஃபையும் இருக்கிறது. சமையலறைத் திரைக்கு மட்டும்தான் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கெமராவைப் பூட்டித் தந்த கரண்ட் வேலைக்கார பாஸ் வந்தார். திரையிலிருந்து கெமராவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தார். படம் வந்தது. சில நாளில் மறுபடி கறுத்தது. மழை நாளில்தான் போகிறது என்று அம்மா சொன்னதும், தண்ணீர் இறங்குகிறது என்று முடிவுகட்டி ஓர் ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டிக் கெமராவுக்குத் தொப்பி போட்டார். குமார் தன் பங்குக்கு வைஃபையைப் பலப்படுத்தும் கருவி ஒன்றை அனுப்பிவைத்தான். எல்லாவற்றையும் மீறித் திரை கறுத்தது. யாராவது எதையாவது தொட்டீர்களா என்று பாஸ் கேட்டார். அம்மா பதறிப்போய், நாங்கள் ஒன்றையும் தொடுவதே இல்லை என்றார். பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் போட்டேன்.

குமார் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியும், உங்களிடமிருந்து வந்த சொத்துதானே அது. ஒபிசுக்கு லீவு போட்டுவிட்டு, சமையலறையில் ஒரு கதிரையைப் போட்டுத் திரைக்கு எதிரே காவல் உட்கார்ந்தேன். எங்கே, என் கண் முன்னால் போ பார்க்கலாம்.

மத்தியானம் ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை அடித்து ஊற்றியது. படம் அசையவில்லை. பாஸின் தண்ணீர்க் கதை பொய் என்று சந்தோஷமாக எழுந்தேன். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் இடி உருண்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் டிவியின் பிளக்கைக் கழற்றினார். அடுத்தது ஃபிரிட்ஜ். அதற்கடுத்தது ரவுட்டர். நீங்கள் பழக்கிய அதே வரிசை. நானும் என்னை அறியாமலே நடந்து போய், முன் வராந்தாவிலிருந்த பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது கெமராவின் பிளக்.

“அம்மா, ஒண்ணையும் தொடலன்னு பாஸ்கிட்ட சொன்னோமே” என்றேன்.

“இது தொடுறதா? இடி இடிக்குதுல்ல?” என்றார் அம்மா.

அவரைச் சொல்லி என்ன குற்றம்? ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் நாம் இருந்த லய வீட்டில் நீங்கள் ஆசையாக வாங்கிவைத்த முதல் டிவியை ஓர் இடி கருக்கிப் போட்டதே, அன்றைக்கு வந்த சட்டம் இது. மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், இடி வந்தால் பிளக்கைக் கழற்றுவோம். இதையெல்லாம் ஒரு செய்தியென்று யார் யாரிடம் சொல்வார்கள்? கண்டியில் என் வீட்டிலும் நான் கழற்றுகிறேன். இடி நின்றதும் மாட்டுகிறேன், மறந்துவிடுகிறேன்.

மழை விட்டதும் எல்லாவற்றையும் மாட்டினோம். திரை கறுப்பு. இந்த முறை எனக்கு வழி தெரிந்தது. அந்தத் திரை, கெமராவை ஒரு நம்பரை வைத்துத்தான் தேடுகிறது. நம்பரைக் கொடுப்பது ரவுட்டர். கழற்றி மாட்டும்போதெல்லாம் நம் ரவுட்டர் பழையதை மறந்துவிட்டு, ஆஸ்பத்திரி கிளினிக்கில் நம்பர் எழுதிய சீட்டு கொடுப்பதுபோல வருகிற வரிசையில் புது நம்பர் கொடுக்கிறது. திரையோ பழைய நம்பரிலேயே போய்த் தேடுகிறது. கெமராவின் செயலியைத் திறந்து புது நம்பரைப் பார்த்தேன், திரையிலிருந்த நம்பரோடு ஒப்பிட்டேன். இரண்டும் வேறு. கெமராவின் பழைய நம்பரில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? உங்கள் டிவி!

பாஸுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, இனிமேல் கழற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். எனக்குச் சுர்ரென்றது. அப்பா சொன்னதை அம்மா மாற்றமாட்டார், மெஷின் மாறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் தேடித் திறந்து, கெமராவுக்கு ஒரு நம்பரை நிரந்தரமாகக் கட்டிப்போட்டேன். திரையையும் அதே நம்பரைத் தேடச் சொன்னேன். பிறகு, காய்கிற வெயிலில், வீட்டிலிருந்த அத்தனை பிளக்கையும் கழற்றி மாட்டினேன். அம்மா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார். திரை கண் சிமிட்டியது, கேட் வந்தது. நான் போட்ட கத்தலில் நஸீமா டீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

கத்தி முடிந்ததும் அழுகை வந்தது அப்பா. அந்தக் கேட்டில் நீங்கள் துண்டோடு நிற்கிற ஒரு படம்கூட இந்தக் கெமராவிடம் இல்லையே.

குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். காலி சூட்கேஸோடு வந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா கோழிக்கறி வைத்துக்கொண்டிருந்தார். சொல்லி வைத்தாற்போல வானம் இடித்தது. அம்மா வரிசையாகக் கழற்றியதைப் பார்த்து, இனி எங்கே வேலை செய்யப்போகிறது என்று உதட்டைப் பிதுக்கினான். இடி அடங்கியது, மாட்டினோம். நீ வெளியே போய் நின்று பெல் அடி என்று அவனைத் தூறலில் மேலே அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே படியேறினான்.

பெல் அடித்தது. திரை முழுக்கக் குமாரின் நனைந்த முகம்.

அம்மா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “யாரு?”

“நான்தாம்மா.”

“நான்தான்னா யாரு?”

குமார் குடையைத் தாழ்த்திவிட்டுக் கெமராவையே பார்த்தான். உங்கள் குரல் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். “குமாரும்மா. உங்க மகன் குமார்.”

“வீட்ட வாடகைக்குக் குடுக்க வந்திருந்தா இங்க ஆள் இல்ல. சாப்பிட வந்திருந்தா தெறக்கிறேன்.”

“சாப்பிடத்தாம்மா வந்தேன்” என்றான். “வீட்ட யாருக்கும் குடுக்க வேணாம்.”

டக் என்று கேட் திறந்தது. சூட்கேஸில் அம்மா பலாக்காயும் தேங்காயும் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

நீங்கள் இருக்கிற இடத்தில் இடி மேலேயிருந்து கேட்குமா, கீழேயிருந்து கேட்குமா? எங்கிருந்து கேட்டாலும் பயப்பட வேண்டாம். இங்கே பிளக்குகள் கழன்றிருக்கும், உங்கள் வரிசைப்படியே. இடி ஓய்ந்ததும் உங்கள் கேட் திரும்பவும் தெரியும். பேர் சொல்லாத யாரையும் உள்ளே விடமாட்டோம், இது சத்தியம். நீங்களே ஒரு நாள் வந்து நின்றாலும் “நான்தான்” என்றால் அம்மாவிடம் செல்லாது. பேரைச் சொல்லுங்கள் அப்பா, உடனே திறக்கிறோம்.

உங்கள் கோபத்தையும் பிளக் கழற்றும் வரிசையையும் ஒருசேர வாங்கிக்கொண்ட மூத்த மகள்,
சரோஜா