மாளிகைக்கு மட்டும் உரிய நாய்

அன்புள்ளவருக்கு,

இல்லை, நாய்க்கு ஒன்றுமில்லை. அக்கரையில் கெர்ன்சித் தீவு மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஆனால் நீங்கள் கடுவன் என்று வாங்கிவந்த குட்டி, பெட்டை.

நம் வேலியோரம் பிரபுவின் மாளிகை நாய்கள் மோப்பம் பிடித்து நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அடேல் சிரித்தாள்.

"சார்க் தீவுல பிரபு மட்டுந்தானே பெட்டை நாய் வளர்க்கலாம்? உன் வீட்டுக்காரரு எப்படி பிரபு ஆனாரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காவலர் வந்தால் குட்டியைச் சுட்டுவிடச் சொல்வாரோ என்று பயம். தீவை ஆளும் பிரபுவின் அந்த மாளிகையில் மட்டும்தான் அவள் பயமில்லாமல் குரைக்கலாம்.

நீங்கள் வரும்போது நம் வாசலில் யார் குரைப்பது? வருவீர்கள்தானே?

உங்கள் மனைவி

பி.கு.: மாலையில் அவளை மாளிகையில் ஒப்படைத்தேன். படுத்துக்கொள்ள உங்கள் பழைய கம்பளிச் சட்டையையும் கொடுத்துவிட்டு வந்தேன்.