ஐந்தாம் கொப்பி அண்ணனோடு போயிற்று

என் ஆசை அண்ணா,

நீங்கள் போய் ஐந்து மாதம். மாசாமாசம் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். ஞாயிறு தவறாமல் சேமக்காலைக்கு வந்து உங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துகிறேன். சொல்ல வேண்டியதை மட்டும் அங்கே நின்று சொல்ல வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் புதினம். போன மாதம் மனிதன் சந்திரனில் இறங்கிவிட்டான். றேடியோவில் கேட்டதும் "கேட்டீங்களா?" என்று நீங்கள் உட்காரும் கதிரைப் பக்கம் திரும்பினேன். தன்னாமுனை ஊர் முழுக்க இதே பேச்சு. எனக்குத்தான் பேச ஆளில்லை. மீன்காரி இன்னும் இரண்டு பேருக்கென்றே ஓரா மீன் தருகிறாள். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. மிஞ்சுவதைப் பூனைக்குப் போடுகிறேன்.

ஏறாவூர் ஸ்டேசனில் டிக்கெட் கொடுக்கிற மனுசனுக்கு யூதர்களின் மறைஞானம் எதற்கு என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதருக்காகச் செபித்துவிட்டு வந்து, "வேதாகமம் முடிஞ்ச பிறகு அந்தச் சனம் என்ன செய்தது புள்ள? நாம ஏன் ஒருநாளும் கேக்கல்ல?" என்றீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பத்து வருசம். கொழும்பு ரயிலில் புத்தகம் புத்தகமாக வந்து இறங்கியது. நூலுக்கென்று நீங்கள் எழுத்துக் கொப்பிகளில் கிறுக்கியதை எல்லாம் நல்ல எழுத்தில் பிரதி பண்ணியவள் நான்.

உலகத்துக்கு இடம் விடக் கடவுள் தன்னையே ஒடுக்கிக்கொண்டார் என்று கலிலேய மலையூர் ஒன்றில் ஒரு ஞானி போதித்த கதை வந்தது. "விருந்தாள் வந்தா நாம ஒதுங்கிப் படுக்கிறல்லையா, அப்படியா?" என்று கேட்டேன். துள்ளி எழும்பி அதையும் எழுதினீர்கள். இப்போது வீடு முழுக்க இடம்தான் கிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நானே மீட்பர் என்று ஒருவன் கிளம்பி, சனமெல்லாம் வீடு வாசலை விட்டு நம்பிப் போன பிறகு, உயிருக்குப் பயந்து மதம் மாறினானே, அந்தக் கொப்பியைப் பிரதி பண்ணவே மாட்டேன் என்று இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். நீங்கள் தேத்தண்ணி போட்டுத் தந்து சமாளித்தீர்கள். அப்படி நாலு கொப்பி முடித்தோம். ஐந்தாவது, நம்முடைய காலத்துக் கதை. பிரதி பண்ண அதை நான் தொட முன்னம் நீங்கள் போய்விட்டீர்கள்.

இனித்தான் விசயம். செத்தவர் கையில் செபமாலையும் அவருடைய செபப் புத்தகமும் வைக்கிறது நம் வழக்கம். உங்கள் செபங்களை நீங்களே ஒரு கறுப்பு மட்டைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தீர்கள். அழுத கண்ணோடு, கண்ணாடியும் போடாமல், மேசையில் கிடந்ததை எடுத்து நான்தான் உங்கள் கையில் வைத்தேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மேசை லாச்சியைத் திறந்தால் செபக் கொப்பி அங்கே இருக்கிறது. உங்களோடு போனது அதே கறுப்பு மட்டை போட்ட ஐந்தாம் கொப்பி.

அச்சுக்கூடச் சவரிமுத்து அண்ணன் போன கிழமை கொப்பிகளை வாங்க வந்தார். "தங்கச்சி, முடிவு எங்ககா? நாலுதானே இரிக்கு?"

"அவர் எழுதல்ல. அதுக்குள்ள போயிற்றார்."

"பாவம் மனுசன். அப்ப, 'முடிக்காமல் சென்றார்' எண்டு முன்னால போடுவம்."

தலையாட்டிவிட்டேன், அண்ணா. பத்து வருசம் பாடுபட்டவரை அரைகுறையாய் விட்டவர் ஆக்கிவிட்டேன். திங்கட்கிழமை அச்சு ஏறுகிறது.

சவப்பெட்டியைத் திறக்கக் கேட்கலாமா என்று பங்குச் சுவாமி தங்கும் அறைவீட்டு வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பினேன். உங்களை இன்னொரு தரம் கிளற எனக்குத் தைரியம் இல்லை. பழுதான புத்தகத்தை யூதர்கள் எரிப்பதில்லை, புதைப்பார்கள் என்று நீங்கள் சொன்னதை நினைத்து மனதைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் உங்கள் கொப்பி பழுதாகவில்லையே.

ஒரே ஒரு தரம் எனக்கு அதை வாசித்துக் காட்டினீர்கள். "இதோட எல்லாம் முடிஞ்சிது புள்ள." கிழக்கு ஐரோப்பாவின் ஏழைக் கிராமங்களில் பாடியும் ஆடியும் கடவுளைத் தேடியவர்களைப் படித்தவர்கள் பைத்தியக்காரர் என்றார்கள். பிறகு யுத்தம் வந்து அந்தக் கிராமங்களையே துடைத்துப் போட்டது. தப்பியவர்கள் அந்தப் பாட்டுகளைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். எவரும் சீண்டாத பழைய ஏடுகளை அறிஞர்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள். இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. கடைசி வரி மட்டும் இல்லை. மீன் கருகுகிறது என்று நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன். நான் போன பிறகு நீங்கள் யாருக்கு அதை வாசித்தீர்கள்?

நாளைக்கே பஸ் ஏறி அச்சுக்கூடத்துக்குப் போவேன். கடைசிப் பகுதியை நினைவில் உள்ளபடி நான் எழுதித் தருகிறேன், பொறுங்கள் என்பேன். அது என் பேரில் வரட்டும், பிழையும் என்னுடையதாக இருக்கட்டும். முன் பக்கத்துக்கு உரியதை இப்போதே எழுதிவிட்டேன்: "என் அண்ணன் இந்த நூலை முடித்துவிட்டுத்தான் போனார். முடிவை அவர் கையில் வைத்துப் புதைத்தவள் நான்."

உங்கள் கூடப்பிறந்தவள்,
திரேசா