வேண்டுதல் எதுவும் இல்லை

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. இறைவன் அருளால் எல்லாரும் நலம்.

வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக்கு வந்திருந்தவர்கள்: நான், உன் மாமா, பிரார்த்தனைக் கூடத்துக் காவலாளி, தையல்காரம்மா, அவள் மாமியார். ஆக ஐந்து பேர். வேண்டுதல்களை அவரவர் எழுதிவைக்க நீ செய்து கொடுத்த வெப் பக்கத்தைத் திறந்தேன். "இன்று வேண்டுதல் எதுவும் இல்லை" என்றிருந்தது. அப்படியே வாசித்தேன். பாடினோம், கலைந்தோம்.

தையல்காரம்மா தன் புருஷனுக்கு இதய ஆபரேஷன் என்று முந்தின நாளே அதில் எழுதியிருக்கிறாள். நான் வாசிப்பேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஜாக்கெட் கை இறுக்கமென்று போன மாதம் நான் இரண்டு வார்த்தை கூடப் பேசினேன். அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்கிறாள். மறுநாளே என் துணியைத் தைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் எழுதியது எங்கே போனது?

உன் அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

பார்த்தேன். என் மேல தப்பில்லை. எழுதறதெல்லாம் வேற ஒரு சர்வர்ல ஜேசன்கிற வடிவத்துல சேரும். நம்ம பக்கம் அதை எடுத்துட்டு வந்து, டிகோட் பண்ணி, அதாவது பிரிச்சு, காட்டும். அந்தம்மா வரிக்கு வரி என்டர் தட்டியிருக்காங்க. நான் ஜேசனைக் கையால கோத்திருந்தேன், நடுவுல என்டர் வந்ததும் அது உடைஞ்சுபோச்சு. டிகோட் பண்ணினா நல்லுன்னு வருது, அதாவது வெறுமை. வெறுமைன்னா "எதுவும் இல்லை"ன்னு காட்டச் சொல்லியிருந்தேன். இனிமே ஒரே வரியா எழுதச் சொல்லுங்க. ஓசியில பண்ணிக் குடுத்ததுக்கு இவ்வளவு விசாரணையா?

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

புருஷனை ஆபரேஷனுக்கு அனுப்புகிறவள் உன் வசதிக்கு ஒரே வரியில் அழவேண்டுமாக்கும். ரொம்பப் பெரிய மனசு உனக்கு.

எடுக்க முடியவில்லை என்பது ஒன்று. எடுத்தும் பிரிக்க முடியவில்லை என்பது இன்னொன்று. உண்மையிலேயே காலி என்பது வேறு. மூன்றுக்கும் ஒரே பதில் எழுதிவைத்துவிட்டு அதற்குப் பெயர் வேலை. ரிப்போர்ட்டைத் திறக்க முடியாத டாக்டர் "உனக்கு நோயே இல்லை, வீட்டுக்குப் போ" என்பாரா? நீ எழுதிய பிஎச்பி புரோகிராம் அதைத்தான் சொன்னது. நான் அதை என் வாயால் வாசித்தேன்.

பக்கத்தை நீ தொடவேண்டாம். கையேட்டைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை முழுதும் நின்றுபோனது. போகட்டும். நின்றுபோனால் நின்றுபோனேன் என்றாவது இப்போது சொல்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தையல்காரம்மா வீட்டுக்கு விசாரிக்கப் போனேன். கதவுக்கு வெளியிலேயே நிற்கவைத்து, "கம்ப்யூட்டர் மேல பழி போடாதீங்க, உங்க தம்பி படிச்சவர், அப்படியா செஞ்சிருப்பார்?" என்றாள். உனக்கு இருக்கும் மரியாதையைப் பார்.

அதனால் வெள்ளிக்கிழமை நீயே வந்து, நீ செய்ததை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். நான் சொல்லி எடுபடாது. வருவாயா, மாட்டாயா? சீக்கிரம் பதில் எழுது.

அக்கா