கரை வேண்டாம் என்று சொன்ன துணி

அக். 28, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். நகராட்சிக் கூட்டச் செய்தியை மதியமே பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. பிறகு கவுன் வேலை.

முதலாம் எலிசபெத் ராணி காலத்து உடை. 9ஆம் தேதி கொடைக்கானலில் எங்கள் பழங்கால உடைக் குழுவின் சந்திப்பு, அதற்குப் போட்டுக்கொள்ள. முடிந்தவை: கச்சு (விறைப்புக்குத் தென்னை ஈர்க்கு, குனிந்தால் குத்துகிறது), பிரம்பு வளையப் பாவாடை. கழுத்துக்கான மடிப்புப் பட்டி பாதி. கஞ்சி போட்டு மாடியில் காயவைத்தேன், எறும்பு மொய்த்துவிட்டது.

பாக்கி: மேல் கவுன். சின்னாளபட்டி சரோஜா நெய்கிறாள். அரக்கு நிறம், கரையே வேண்டாம் என்று இருமுறை சொல்லியிருக்கிறேன்.

அக். 29, புதன்
சின்னாளபட்டி. மழை விட்டிருந்தது. துணி அழகு. இரு ஓரத்திலும் மாம்பழ மஞ்சளில் நாலு விரல் கரை.

ஏன் என்று கேட்டேன். சரோஜா தறியிலிருந்து நிமிரவில்லை.

"கரை இல்லாத துணிய யாருக்குக்கா போத்துவாக? நீங்க நல்ல காரியத்துக்குப் போட்டுட்டுப் போறீக. எங்க தறில அப்படி நெய்ய மாட்டோம்."

வேறு நெய்யவும் நேரமில்லையாம். முகூர்த்தச் சேலைகள் நிற்கின்றன.

குழுவில் ஒரு விதி: அந்தக் காலத்தில் இல்லாதது எது இருந்தாலும் அவரவரே சொல்லிவிட வேண்டும். ஊரார் தப்பையெல்லாம் எழுதியே காலம் தள்ளியவள், பாதத்தைச் சுற்றிச் சேலைக் கரையோடு போய் நிற்பதா? வெட்டி எடுத்தால் அகலம் போதாது, வளையத்தின் மேல் விழுந்து தரையை எட்டாது. போகாமலே இருந்துவிடலாமா?

நவ. 1, சனி
வெயில். அந்தக் காலத்து ஓவியங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். சீமாட்டிகளின் மேல் கவுனில், முன் திறப்பின் இரு ஓரமும் தோளிலிருந்து தரைவரை பட்டை. வேறு நிறத்தில்.

சேலை கட்டியே பழகிய கண். கரை என்றால் கீழே என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். துணியை நெட்டுவாக்கில் திருப்பினால் கரை தானாக முன்னால் விழுகிறது. மிச்சக் கரை மடிப்புக்குள்.

உடனே வெட்டியாயிற்று. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இம்புட்டுத் துணில எனக்கு ஆயுசுக்கும் சட்டை தைக்கலாம்" என்றார். என் வாயில் குண்டூசி.

மதியம் கத்தரிக்காய் வெஞ்சனம். உப்பு கூடிவிட்டது.

நவ. 6, வியாழன்
தைத்து முடித்தேன். கழுத்துப் பட்டிக்கு மறுபடி கஞ்சி. நாற்காலி மேல் காயவைத்து, நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். எறும்பு ஏறவில்லை. சந்தோஷம்.

நவ. 9, ஞாயிறு
கொடைக்கானல். மூடுபனி. பஸ்ஸில் வளையத்தைப் பார்த்த கண்டக்டர், எந்த வீட்டில் பந்தல் என்று கேட்டார்.

குழுவில் பெரிய கறார்க்காரர் பெங்களூர் அம்மாள். என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஈர்க்கு, மெஷின் தையல், எல்லாம் நானே சொல்லிவிட்டேன். கரையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: தனக்கும் இதே பட்டை வேண்டும், யார் நெய்தது?

அங்கிருந்தே சரோஜாவுக்குப் போன். பின்னால் தறிச் சத்தம்.

"தை மாசம் தாரேன்னு சொல்லுங்க. அவுகளும் கரை வேணாம்னு சொல்லிறப் போறாக."