காலில் தூசி இல்லை

நவம்பர் 4
நீயே சொல்லு உண்ணாமுலைத் தாயே, பௌர்ணமியும் இல்லாத நாளில், வாரம் மூன்று தடவை எவனாவது கிரிவலம் போவானா? அதுவும் திருநீறு பூசச் சொன்னாலே சிரிக்கிற என் அண்ணன் மகன் பிரகாஷ்! என் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறவன். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, மலை சுற்றப் போகிறேன் என்று போகிறான். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாதத்தைப் பார்த்தேன். பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்த பாதமா அது? தூசியே இல்லை.

நவம்பர் 6
பொண்ணாக இருக்குமோ? இருந்தால் உனக்குப் பட்டுப்புடவை சாத்துகிறேன். எந்தச் சாதியானாலும் சரி. வயது முப்பத்திரண்டு. இருபத்தாறு ஜாதகம் பார்த்தாச்சு. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு நிற்கிற பையன் வீட்டுக்கு ஒருத்தன். பொண்ணு தெருவுக்கு ஒன்று இல்லை.

நவம்பர் 11
பொண்ணு இல்லை. ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். செங்கம் ரோட்டில் ஒரு வாடகை ரூம். சுண்டல் பிரசாதம் கொடுக்கிற சாக்கில் நுழைந்துவிட்டேன். ஒன்பது பேர். எல்லாம் முப்பது தாண்டினவர்கள், ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆகவில்லையாம். என்னைப் பார்த்ததும் போன்களைக் கவிழ்த்து வைத்தார்கள். சுவரில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் வரைபடம், சிவப்பு வட்டம் போட்டு. எதுக்கு? அவர்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவன் மட்டும் சுண்டலை வாங்கிக்கொண்டான்.
"பிரகாஷுக்குப் பொண்ணு ரெடிங்கம்மா. ஒரு வேலை இருக்குது, அது முடியட்டும்."
என்ன வேலை என்றேன். சிரித்தான்.

நவம்பர் 14
பிரகாஷிடமே கேட்டுவிட்டேன். தலையைத் தூக்கவில்லை. "இருபத்தாறு வீட்ல வேணாம்னாங்க அத்தே. இவங்கதான் நான் வேணும்னாங்க."
சோற்றில் கை வைத்துவிட்டு, மெதுவாக இன்னொன்றும் சொன்னான். "தீபத்தன்னிக்கு நீ கோயில் பக்கம் வராத."

நவம்பர் 15
வேங்கிக்கால் எஸ்.பி. ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதிக் கொடுத்தேன். போலீஸ்கார அம்மா தண்ணீர் கொடுத்தாள். "குண்டு வைக்கிற கும்பல்மா இது. இவனுங்க தலைவனுங்கள மூணு தடவ புடிச்சோம்மா. ஆளு மட்டும் கம்மியாவே மாட்டேங்குது. எல்லாம் பொண்ணு கெடைக்காத பசங்க."

நவம்பர் 17
ஒன்பது பேரையும் பிடித்துவிட்டார்கள். வண்டி ஏறும்போது பிரகாஷ் என்னிடம் கேட்கிறான், யார் சொல்லியிருப்பாங்க அத்தே என்று.

டிசம்பர் 13
தீபம் ஏறிடுச்சு தாயே. ஒரு உயிருக்கும் ஒண்ணும் ஆகல.
மத்தியானம் ஜெயிலில் அவனைப் பார்க்க மனு எழுதினோம், நானும் அவன் அம்மா ரேணுகாம்பாள் அண்ணியும். கூடப்பிறந்தவர்கள் என்று ஒரு கட்டம். யாருமில்லைன்னு போடச் சொன்னேன். அண்ணி என்னையே பார்த்தாங்க. எதுக்கு அப்படிப் பார்க்கணும்?
இப்பதான் ஞாபகம் வருது. பிரகாஷுக்கு அப்புறம் ரெண்டு. ரெண்டும் பொண்ணுன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. ரெண்டு தடவையும் அண்ணிய பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனது நான்தான்.